'சோல் ஸ்டேஷன்' கேட்பது எப்படி: ஜாஸுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழித்துணை

ஜாஸ் கேட்க ஆசையாக இருக்கிறது, எதிலிருந்து தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் பல வருடங்களாக ஒரே ஆல்பத்தின் பெயரைத்தான் சொல்லி வருகிறேன்: சாக்ஸபோன் கலைஞர் ஹேங்க் மோப்ளியின் 'சோல் ஸ்டேஷன்'. 1960 பிப்ரவரி 7, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் எங்கிள்வுட் கிளிஃப்ஸ் என்ற ஊரில், ஒரே நாளில் பதிவான ஆல்பம். ஆறு பாடல்கள், 37 நிமிடம் சொச்சம், நாலே பேர். டெனர் சாக்ஸபோன், பியானோ, பாஸ், ட்ரம்ஸ். யாரும் பாடுவதில்லை.

புதிதாக வருகிறவர்கள் கையில் வழக்கமாகக் கொடுக்கப்படுவது சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோ ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோதான். இருவரும் மகா கலைஞர்கள், அதில் பேச்சே இல்லை. ஆனால் கோல்ட்ரேனின் வேகத்தில் பழகாத காது திணறிப்போகும். மோப்ளி நம் எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் மாதிரி வாசிப்பார். குரலை உயர்த்த மாட்டார். அதில் ஒரு சிக்கலும் உண்டு. கவனிக்காமல் கேட்டால் அவர் வாசிப்பு காதோரமாகவே நழுவிப் போய்விடும்.

எனக்கு அதுதான் நடந்தது. முதல் தடவை பாத்திரம் தேய்த்துக்கொண்டே, போனை சமையலறை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துக் கேட்டேன். இனிமையாக இருந்தது, முடிந்தது, மறந்தும் போனது. ஆறு மாதம் கழித்து ஓர் இரவு ஹெட்போன் போட்டு அதையே மறுபடி கேட்டேன். அன்றைக்குத்தான் பாஸ் என்று ஒரு வாத்தியம் அதில் இருப்பதே காதில் விழுந்தது. பாஸ் விழுந்ததும் மற்றதெல்லாம் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த ஆறு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கீழே சொல்லியிருப்பதை அவசரப்படாமல் செய்தால் இரண்டு வாரம் பிடிக்கும்.

முதலில் இடத்தைத் தயார் செய்யுங்கள்

பெரிய சாமான் எதுவும் வேண்டாம். சுமாரான ஹெட்போன் போதும். போனின் சொந்த ஸ்பீக்கர் மட்டும் கூடவே கூடாது. அதில் பாஸ் கேட்காது, பாஸ் இல்லாவிட்டால் இந்த ஆல்பத்தில் பாதி இல்லை. பாட்டுக் கேட்கும் செயலிகள் எல்லாவற்றிலும் 'சோல் ஸ்டேஷன்' கிடைக்கிறது. பாடல்களை வரிசை மாற்றிப் போடும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பாடல் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த ஒரு பாடலை மூன்று தடவை கேளுங்கள்.

நால்வரைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஹேங்க் மோப்ளி 1930-இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஈஸ்ட்மன் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரில். முதலில் கற்றது பியானோ. பதினாறு வயதில் உடம்பு சரியில்லாமல் பல மாதம் வீட்டோடு இருக்க நேர்ந்தபோது, பையனுக்குப் பொழுது போகட்டும் என்று சாக்ஸபோன் யோசனையைச் சொன்னவர் அவருடைய பாட்டி. 1950-களின் நடுவில் பியானோ கலைஞர் ஹோரஸ் சில்வரும் ட்ரம்ஸ் கலைஞர் ஆர்ட் ப்ளேக்கியும் சேர்ந்து 'ஜாஸ் மெஸஞ்சர்ஸ்' குழுவைத் தொடங்கியபோது அதன் டெனர் கலைஞர் மோப்ளிதான். 'சோல் ஸ்டேஷன்' பதிவின்போது அவருக்கு வயது 29.

சிறுவயதில் உறவுக்காரர் ஒருவர் சொன்ன புத்தி ஒன்றைப் பின்னாளில் ஒரு பேட்டியில் மோப்ளி நினைவுகூர்ந்திருக்கிறார். பக்கத்தில் இருப்பவர் சத்தமாக வாசித்தால் நீ மெல்ல வாசி, அவர் வேகமாக வாசித்தால் நீ நிதானமாக வாசி, அவர் செய்வதையே நீயும் செய்யப் போனால் மாட்டிக்கொள்வாய் என்பது அதன் சாரம். இந்த ஆல்பத்தைத் திறக்கும் சாவி இதுதான் என்பேன். ஏனென்றால் இங்கே அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஆர்ட் ப்ளேக்கி. ஜாஸ் உலகின் மிகப் பலமான ட்ரம்ஸ் கலைஞர்களில் ஒருவர், அப்போது 40 வயது, அடித்தால் அறை அதிரும். அந்தக் கைக்கு முன்னால் நின்றுகொண்டு மோப்ளி மெல்லப் பேசுகிறார்.

பியானோவில் வின்டன் கெல்லி. பாஸில் பால் சேம்பர்ஸ். இருவரும் அந்தச் சமயத்தில் மைல்ஸ் டேவிஸின் குழுவில் ஒன்றாக வாசித்துக்கொண்டிருந்தவர்கள். சேம்பர்ஸுக்கு அப்போது வயது 24 தான். 33 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். கெல்லியும் நாற்பதைத் தொடவில்லை. சேம்பர்ஸின் பாஸ் என்பது ஆள் உயரத்துக்கு நிற்கும் மர வாத்தியம், விரலால் மீட்டுவது. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெனர் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மில் பலருக்கு சாக்ஸபோன் என்றதும் கத்ரி கோபால்நாத்தான் நினைவுக்கு வருவார். அவர் வாசித்தது ஆல்டோ. டெனர் அதைவிடப் பெரியது, நாலு சுரம் கீழே இறங்கி ஒலிப்பது. ஆண் குரலுக்கு நெருக்கமான நாதம். மோப்ளி தன்னுடைய நாதத்தைப் பற்றிச் சொல்லும்போது பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை, உருண்டையானது என்றார். முதல் பாடலின் முதல் சில நொடிகளிலேயே அந்த உருண்டை உங்களுக்குப் புரிந்துவிடும். விளிம்பில் கரகரப்பு இல்லை. நன்றாகத் தேய்ந்த கூழாங்கல்லைக் கையில் எடுத்தது போல இருக்கும்.

'ரிமெம்பர்': ஒரு பாடல், மூன்று தடவை

ஆல்பத்தின் முதல் பாடல். எழுதியவர் இர்விங் பெர்லின், வருடம் 1925. மூலத்தில் இது வால்ட்ஸ், அதாவது மூன்று அடித் தாளம். மோப்ளி அதை நான்கு அடிக்கு மாற்றி, பழைய காதல் சோகத்தை உதறிவிட்டு, காலாற நடக்கிற நடையில் வாசிக்கிறார்.

முதல் தடவை கேட்கும்போது சாக்ஸபோனை மறந்துவிடுங்கள். பாஸை மட்டும் பிடியுங்கள். கட்டைவிரலால் தொடையில் தட்டுவது போல, ஓர் அடிக்கு ஒரு சுரம் என்று நடந்துகொண்டே இருக்கும் இடங்கள் வரும். இசைக்காரர்கள் இதை வாக்கிங் பாஸ் என்றே சொல்வார்கள். அந்த நடையைப் பிடித்துவிட்டால் நான்கு அடிக் கணக்கு தானாக உங்கள் உடம்புக்குள் வந்துவிடும்.

இரண்டாவது தடவை ட்ரம்ஸ். அதிலும் எல்லாவற்றையும் கேட்க வேண்டாம், இரண்டே பொருள். வலது கை தொடர்ந்து தட்டும் ரைடு சிம்பல் என்ற உலோகத் தட்டு: டிங், டிங்-க டிங், டிங்-க டிங். இடது காலால் மிதித்து மூடும் ஜோடித் தட்டு, ஹை-ஹேட்: சக், சக். இந்த 'சக்' விழுவது இரண்டாவது அடியிலும் நான்காவது அடியிலும். நமக்கு முதல் அடியில் தட்டித்தான் பழக்கம், சமம் அங்கேதானே. ஜாஸில் அழுத்தம் இரண்டிலும் நான்கிலும். ஒன்று, *இரண்டு*, மூன்று, *நான்கு*. முதலில் கை கேட்காது, தானாக ஒன்றுக்குத் தாவும். ப்ளேக்கியின் ஹை-ஹேட் அத்தனை தெளிவாக விழுவதால் இதைப் பழக இவரைவிட நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டார். விரல் சொடுக்கிக்கொண்டே அவர் காலோடு சேர்ந்து போங்கள். பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். ஸ்விங் என்று சொல்வது இந்த ஊஞ்சலாட்டத்தைத்தான்.

மூன்றாவது தடவை மோப்ளி. இப்போது நீங்கள் இரண்டிலும் நான்கிலும் சொடுக்கிக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா? அவர் சுரங்கள் உங்கள் சொடுக்கின் மேல் சரியாக விழாமல், ஒரு நூலிழை பின்தங்கி விழுவதைக் கவனியுங்கள். தாளம் தவறுவதல்ல அது. ஓடுகிற பேருந்தில் அவசரமில்லாமல் ஏறுகிறவரின் நிதானம்.

எண்ணப் பழகுங்கள்: 'டிக் டிஸ்'

வரிசைப்படி இது மூன்றாவது பாடல். நாம் இரண்டாவதைத் தாண்டி இதற்கு முதலில் வருவோம், காரணம் இருக்கிறது.

ஜாஸில் பெரும்பாலான பாடல்கள் ஒரே அச்சில் ஓடுகின்றன. முதலில் பாட்டின் மெட்டு. பிறகு ஒவ்வொருவராகக் கற்பனையில் வாசிப்பார்கள். சோலோ என்பது அது. கடைசியில் மறுபடி மெட்டு. சோலோவின்போது மெட்டு மறைந்துவிடுகிறது, ஆனால் அதன் நீளமும் அதன் கீழே நகரும் சுர அடுக்குகளும் அப்படியே சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒரு சுற்றுக்குக் கோரஸ் என்று பெயர். ஆவர்த்தனம் என்று நினைத்துக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம்: நம் ஆவர்த்தனத்தில் திரும்பி வருவது தாளக் கணக்கு மட்டும். இங்கே சுற்றுக்குள் சுர அடுக்கும் இடம் மாறுகிறது, திரும்பி வருகிறது. புதியவர்கள் ஜாஸில் தொலைந்துபோவது இந்தச் சுற்று தெரியாததால்தான். மெட்டு முடிந்ததும் ஏதோ மனம்போன போக்கில் வாசிக்கிறார்கள் என்று தோன்றும். மனம்போன போக்கு இல்லை. எல்லோரும் ஒரே வட்டத்தில்தான் நடக்கிறார்கள்.

'டிக் டிஸ்' ஒரு ப்ளூஸ். ப்ளூஸின் வட்டம் மிகச் சிறியது, எளியது: நான்கு அடி சேர்ந்தது ஒரு பார், அப்படிப் பன்னிரண்டு பார் ஒரு சுற்று. அதை நான்கு நான்காக மூன்று வரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் இசை ஆதார சட்ஜத்தில் குடியிருக்கும். இரண்டாவது வரியில் மத்யமத்துக்குப் போய்விட்டுத் திரும்பும். மூன்றாவது வரியில் பஞ்சமத்தின் பக்கம் போய், வீட்டுக்கு வந்துசேரும். நுணுக்கமாகப் பார்த்தால் நடுவில் இன்னும் சின்னச் சின்னத் திருப்பங்கள் இருக்கும். ஆரம்பத்துக்கு இது போதும்.

எண்ணும் முறை: ஒன்று இரண்டு மூன்று நான்கு, *இரண்டு* இரண்டு மூன்று நான்கு, *மூன்று* இரண்டு மூன்று நான்கு... என்று ஒவ்வொரு பாரின் முதல் அடியிலும் பாரின் எண்ணைச் சொல்லுங்கள். விரல்களும் உதவும். பெருவிரலால் மற்ற நான்கு விரல்களையும் தொட்டால் ஒரு வரி. அதை மூன்று தடவை செய்தால் ஒரு சுற்று.

என் அக்கா மகளுக்கு இதைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு அப்போது பதினான்கு வயது, பாட்டு வகுப்பு எதற்கும் போனதில்லை. முதல் இரண்டு சுற்றும் எண்ணிக்கை எங்கேயோ போய்விட்டது. மூன்றாவது சுற்றில் உதடு அசைய, விரல்களைத் தொட்டுக்கொண்டே வந்தவள் பன்னிரண்டாவது பார் முடிகிற இடத்தில் சட்டென்று நிமிர்ந்தாள். "மாமா, திரும்ப முதல்லேருந்து வருது!" அவள் எண்ணி முடித்ததும் பாஸ் வீட்டுக்கு வந்து நின்றதை அவள் காது கேட்டுவிட்டது. அவள் முகத்தில் அன்று வந்த வெளிச்சம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் எண்ணச் சொல்கிறேன். நாலைந்து நாள் எண்ணினால் போதும், அதற்குப் பிறகு எண்ண வேண்டியிருக்காது. சுற்று திரும்புவதை உடம்பே சொல்லிவிடும்.

எண்ணும்போது ப்ளேக்கியையும் கவனியுங்கள். ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்களில் சில சமயம் அவர் ஸ்நேர் ட்ரம்மில் இரண்டு குச்சிகளையும் அழுத்தி ஒரு உருட்டு உருட்டுவார். மெல்லத் தொடங்கி வீங்கிக்கொண்டே வந்து அடுத்த சுற்றின் வாசலில் வெடிக்கும். பிரஸ் ரோல் என்பார்கள், அவருடைய கையெழுத்து அது. சோலோ வாசிப்பவரை முதுகில் கை வைத்து முன்னே தள்ளுவது மாதிரி. மோப்ளி அந்தத் தள்ளலில் தடுமாறவும் மாட்டார், பதிலுக்குக் கத்தவும் மாட்டார். வாங்கிக்கொண்டு, தன் வாக்கியத்தைத் தன் போக்கில் முடிப்பார்.

'திஸ் ஐ டிக் ஆஃப் யூ': இந்த ஆல்பத்தின் உச்சம்

இதற்கு மூன்று நாள் ஒதுக்குங்கள். மோப்ளியே எழுதிய மெட்டு, அவர் எழுதியவற்றில் இன்றைக்கும் இசைக்கலைஞர்கள் அதிகம் எடுத்து வாசிப்பது. சுற்று 32 பார். எட்டு எட்டாக நான்கு பகுதி என்று பிரித்து எண்ணுங்கள். ப்ளூஸ் எண்ணப் பழகிய பிறகு இது கடினமில்லை.

முதல் நாள் கெல்லி. மெட்டு முடிந்ததும் யார் சோலோவைத் தொடங்குகிறார் என்று பாருங்கள். ஆல்பத்தின் அட்டையில் பெயர் மோப்ளியுடையது, மெட்டு மோப்ளியுடையது, ஆனால் முதலில் வாசிப்பது பியானோ. தலைவர் ஒதுங்கி நிற்கிறார். கெல்லியின் விரல்களில் ஒரு துள்ளல் எப்போதும் உண்டு. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெறித்து விழும், ஆனாலும் கோர்வை அறாது. சிரித்துக்கொண்டே பேசுகிறவரின் குரல் கேட்டாலே தெரியும் அல்லவா, அப்படி ஒரு பியானோ.

இரண்டாம் நாள் மோப்ளியின் சோலோ. அவர் உள்ளே வருகிற கணத்தை நாலைந்து தடவை ஓட்டிப் பாருங்கள். கெல்லி ஏற்றிவைத்த சூட்டின் மேல் இன்னும் சூடு ஏற்றுவதுதான் எளிய வழி. பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்வார்கள். மோப்ளி ஒரு கதையைத் தொடங்குகிறவர் மாதிரி உள்ளே வருகிறார். ஒரு சின்னச் சொற்றொடர், கொஞ்சம் இடைவெளி, அதற்கு ஒட்டிய இன்னொரு சொற்றொடர். பிறகு வாக்கியங்கள் நீளத் தொடங்கும். எட்டு பார் கட்டம் எங்கே முடிகிறதோ அங்கே அவர் வாக்கியமும் முடியும் என்று காது எதிர்பார்க்கும். அவர் எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் முடிப்பார். செய்யுளில் சீர் ஒரு கணக்கு, பொருள் இன்னொரு கணக்கு என்று ஓடுமே, அந்த இன்பம்தான் இதுவும். நீங்கள் எண்ணிக்கொண்டிருந்தால்தான் அது தெரியும். எண்ணாதவருக்கு நல்ல மெட்டு, அவ்வளவுதான். இந்த நிதானத்தை அறியாதவர்கள்தான் மோப்ளியைச் சாதாரணம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு இதைச் சொல்லும்போது இன்றும் மனசு ஆறவில்லை.

மூன்றாம் நாள் ப்ளேக்கி. தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய காதுக்கு இங்கே ஒரு சலுகை இருக்கிறது: ட்ரம்ஸ் தனியாக முழங்கும்போதும் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவர் அடிக்கும்போது பாட்டின் மெட்டை மனதுக்குள் பாடிக்கொண்டே வாருங்கள். மெட்டு மறுபடி திரும்பி வரும் இடத்தில் அவர் உங்களை எப்படிக் கொண்டுவந்து சேர்க்கிறார் என்று பாருங்கள். முதல் தடவையே மெட்டும் அவரும் ஒரே இடத்தில் சந்தித்துவிட்டால் நீங்கள் நன்றாகக் கேட்கப் பழகிவிட்டீர்கள். சந்திக்காவிட்டாலும் குறையில்லை, மறுநாள் மறுபடி பாருங்கள்.

இரண்டாம் பக்கம்

இசைத்தட்டு நாட்களில் இங்கே எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். நீங்களும் ஒரு நாள் விட்டுவிட்டு வாருங்கள்.

'ஸ்பிளிட் ஃபீலின்ஸ்' பெயருக்கேற்ற பாட்டு. லத்தீன் அமெரிக்கத் தாளமும் ஸ்விங்கும் மாறி மாறி வருகின்றன. எங்கே மாறுகிறது என்று கை தூக்கிச் சொல்லிப் பாருங்கள், அது ஒன்றே இதற்கான பயிற்சி. பாஸைக் கேட்டால் எளிதில் தெரியும்: நடக்கும்போது ஸ்விங், தாவித் தாவி நிற்கும்போது லத்தீன்.

அடுத்தது ஆல்பத்துக்குப் பெயர் கொடுத்த 'சோல் ஸ்டேஷன்'. ஒன்பது நிமிடம், ஆறிலும் நீளமானது. அவசரமே இல்லை. இதற்கு எண்ண வேண்டாம் என்றுதான் சொல்வேன். இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். ஒரு விஷயம் மட்டும்: மோப்ளி மூச்சு விடும் இடங்களில் கெல்லி என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஒரு பேச்சில் எதிரில் இருப்பவர் 'ம்' கொட்டுவது போல இரண்டு மூன்று சுரங்களை வைத்துவிட்டு ஒதுங்கிவிடுவார். கம்ப்பிங் என்று இதற்குப் பெயர். 'ம்' சரியாக விழுந்தால்தான் பேசுகிறவருக்கு மேலே பேசத் தோன்றும்.

கடைசிப் பாட்டு 'இஃப் ஐ ஷுட் லூஸ் யூ'. ரால்ஃப் ரெயிஞ்சரும் லியோ ராபினும் 1930-களில் ஒரு சினிமாவுக்காக எழுதியது. உன்னை இழக்க நேர்ந்தால் என்ற தலைப்புக்குப் பலர் இதை மிக மெதுவாக, உருகி வாசித்திருக்கிறார்கள். மோப்ளி நடுத்தர வேகத்தில் வாசிக்கிறார். சோகத்தை ஒப்புக்கொண்டுவிட்டு வேலையைப் பார்க்கப் புறப்பட்டவர் மாதிரி ஒரு நடை. ஆல்பத்தில் எனக்கு மிகவும் நெருக்கமான பாட்டு இதுதான், இதற்கு நான் விளக்கம் எதுவும் எழுதப்போவதில்லை.

பதிவு செய்தவர் ரூடி வான் கெல்டர். 1959 வரை ஹேக்கன்சாக் என்ற ஊரில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் பதிவு செய்துகொண்டிருந்தார். வாழ்க்கைப்பாட்டுக்குக் கண் பரிசோதிக்கும் தொழில். அந்த வருடம்தான் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் உயரமான மரக்கூரையோடு சொந்த ஸ்டூடியோ கட்டினார். சாக்ஸபோனைச் சுற்றி நீங்கள் கேட்கும் அந்தக் காற்று அந்தக் கூரையுடையது. ஆல்பத்தை வெளியிட்டது ப்ளூ நோட். பெர்லினிலிருந்து வந்த ஆல்ஃப்ரெட் லயனும் ஃபிரான்சிஸ் உல்ஃபும் நடத்திய சிறு நிறுவனம். பதிவுக்கு முன் ஒத்திகைக்கும் சேர்த்துக் கூலி கொடுத்தவர்கள். ஒரே நாளில் இத்தனை சுத்தமாக ஒரு ஆல்பம் வந்ததில் அந்த வழக்கத்துக்கும் பங்குண்டு.

ஒப்பிட்டுக் கேளுங்கள்

இரண்டாவது வார முடிவில் ஒரு பரீட்சை. மைல்ஸ் டேவிஸின் 'சம்டே மை பிரின்ஸ் வில் கம்' என்ற 1961 ஆல்பத்தை எடுத்து, அதே பெயருள்ள முதல் பாட்டைப் போடுங்கள். அப்போது மைல்ஸின் குழுவில் டெனர் வாசித்தவர் மோப்ளி. பியானோவும் பாஸும் நமக்குத் தெரிந்த அதே கெல்லி, அதே சேம்பர்ஸ். ஆனால் அந்தப் பாட்டுக்கு, குழுவை விட்டுப் போயிருந்த கோல்ட்ரேனும் விருந்தாளியாக வந்து வாசித்தார். மைல்ஸ் முடித்ததும் மோப்ளி. பிறகு கெல்லி, மறுபடி மைல்ஸ், அதன்பின் கோல்ட்ரேன். ஒரே பாட்டில் இரண்டு டெனர், இரண்டு உலகம். கோல்ட்ரேன் வந்து இறங்கும்போது அறையின் வெளிச்சமே மாறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு ஓட்டிப் பின்னால் போய் மோப்ளியின் சோலோவை மட்டும் தனியாகக் கேளுங்கள். அதில் ஒரு சுரத்தைக்கூட எடுத்துவிட முடியாது.

மோப்ளியின் துரதிர்ஷ்டம் காலம்தான். 1959-இன் இறுதியில் ஆர்னெட் கோல்மன் என்ற சாக்ஸபோன் கலைஞர் நியூயார்க்குக்கு வந்து ஜாஸின் இலக்கணத்தையே உலுக்கினார். 1960-இன் தொடக்கத்தில் கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' வெளிவந்தது. எல்லார் காதும் அந்தப் பக்கம் திரும்பியிருந்த அதே மாதங்களில்தான் 'சோல் ஸ்டேஷன்' பதிவானது. விமர்சகர் லெனர்ட் ஃபெதர் மோப்ளியை டெனர் சாக்ஸபோனின் மிடில்வெயிட் சாம்பியன் என்று எழுதினார். நாதத்தின் கனத்தைச் சொல்ல வந்த குத்துச்சண்டை உவமை அது: மற்ற டெனர் கலைஞர்களான கோல்ட்ரேன், சானி ரோலின்ஸ் மாதிரிக் கனமும் இல்லை, ஸ்டான் கெட்ஸ் மாதிரி மென்மையும் இல்லை, நடுத்தரம். அந்த நடுத்தரம் என்ற சொல்லே தரத்தைக் குறிப்பதாகப் பலருக்குப் பட்டுவிட்டது. மைல்ஸும் தன் சுயசரிதையில், மோப்ளியோடு வாசிப்பது தன் கற்பனையைத் தூண்டவில்லை என்று சொல்லிவிட்டார். மைல்ஸ் சொன்னால் உலகம் நம்பும். 1961-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் பிளாக்ஹாக் கிளப்பில் அந்தக் குழு வாசித்ததன் நேரடிப் பதிவு இருக்கிறது, கேட்டுப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

மோப்ளி வாசித்துப் பதிவான பல ஆல்பங்களை ப்ளூ நோட் அலமாரியிலேயே வைத்திருந்தது. 1961 டிசம்பரில் பதிவான 'அனதர் வொர்க்அவுட்' வெளிவந்தது 1985-இல். 1966-இல் பதிவான 'எ ஸ்லைஸ் ஆஃப் த டாப்' 1979-இல். 1970-இல் பதிவான 'திங்கிங் ஆஃப் ஹோம்' அதற்குப் பத்து வருடம் கழித்து. நுரையீரல் கோளாறால் 1970-களின் நடுவிலேயே அவர் வாசிப்பு ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. 1986 மே 30 அன்று பிலடெல்பியாவில், 55 வயதில் இறந்தார்.

அடுத்து எதைக் கேட்பது

'ரோல் கால்' முதலில். 'சோல் ஸ்டேஷன்' வந்த அதே 1960, நவம்பர் மாதப் பதிவு. அதே நால்வரோடு ஃப்ரெடி ஹப்பர்டின் ட்ரம்பெட் சேர்கிறது. இரண்டு ஊதுகருவிகள் வந்ததும் மோப்ளி எப்படி இடம் விட்டு வாசிக்கிறார் என்பது தெரியும்.

பிறகு 1961 மார்ச்சில் பதிவான 'வொர்க்அவுட்'. இதில் கிட்டார் கிராண்ட் கிரீன், ட்ரம்ஸ் ஃபில்லி ஜோ ஜோன்ஸ். கெல்லியும் சேம்பர்ஸும் அப்படியே. ப்ளேக்கி இல்லாத இடத்தில் மோப்ளியின் நடை எப்படி மாறுகிறது என்று பாருங்கள். ஃபில்லி ஜோ தள்ள மாட்டார், சீண்டுவார்.

பின்னோக்கிப் போக விரும்பினால் 1955-இல் ஹோரஸ் சில்வர், டக் வாட்கின்ஸ், ப்ளேக்கி ஆகியோரோடு மோப்ளி வாசித்த முதல் குவார்டெட், அதாவது நால்வர் குழுப் பதிவு இருக்கிறது. 24 வயதுப் பையன். நாதத்தில் உருண்டை இன்னும் முழுதாகத் திரளவில்லை, ஆனால் தொடங்கிவிட்டது.

குவார்டெட்டாகவே இன்னொன்று வேண்டும் என்றால் மேலே சொன்ன 'அனதர் வொர்க்அவுட்'. கெல்லி, சேம்பர்ஸ், ஃபில்லி ஜோ. இருபத்துமூன்று வருடத்துக்கு மேல் அலமாரியில் கிடந்ததுதான் அது. ஹெட்போனைப் போட்டுக்கொள்ளுங்கள், பாஸைப் பிடியுங்கள், இரண்டிலும் நான்கிலும் சொடுக்குங்கள்.